ஆரம்ப நவீன கால ஸ்பானிய மெய்யியலையும் சமயச் சிந்தனையையும் படிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஸ்பெயினில் எழுந்த சிந்தனை, இன்று மூன்று தனித்தனி அலமாரிகளில் கிடக்கிறது. பிரான்சிஸ்கோ தே வித்தோரியாவைப் பன்னாட்டுச் சட்டத்தின் முன்னோடி என்று சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். கார்மேல் சபைத் துறவி அவிலாவின் தெரேசாவைப் பக்தர்கள் படிக்கிறார்கள். பிரான்சிஸ்கோ சுவாரெஸைப் பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட்டுக்கு முந்தைய ஒரு பெயராக மெய்யியல் மாணவர்கள் கடந்து செல்கிறார்கள். ஆனால், தெரேசாவுக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்த தொமிங்கோ பான்யெஸ், வித்தோரியா முன்பு வகித்த அதே சலமங்கா பல்கலைக்கழக இறையியல் இருக்கையில் பின்னர் அமர்ந்தவர். தெரேசாவின் நூல்களை முதன்முதலில் தொகுத்துப் பதிப்பித்த லூயிஸ் தே லெயோன் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். கவிஞரும் கார்மேல் சபைத் துறவியுமான சிலுவை யோவான் அங்கே மாணவராக இருந்தவர். ஆகவே இவர்களை ஒன்றாகச் சேர்த்துப் படிப்பதுதான் முறை. இந்த நூல்கள் பெரும்பாலும் மூன்று இடங்களை மனத்தில் கொண்டு உருவானவை: பல்கலைக்கழக வகுப்பறை, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருவின் முன்னிலை, இன்குவிசிஷன் எனப்பட்ட சமய விசாரணை மன்றம். எந்த நூலை எடுத்தாலும் அது இவற்றுள் எதற்காக, அல்லது எதற்கு அஞ்சி, எழுதப்பட்டது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கீழ்வரும் படிகள் அந்த வரிசையை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

படி 1: பின்னணியைச் சில ஆண்டுகளோடு பிடித்துக்கொள்ளுங்கள்

முதலில் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு 1492 அன்று, 1449. அவ்வாண்டு தொலேதோ நகரில், யூத மரபிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் நகரப் பதவிகளை வகிக்கக் கூடாது என்று ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. திருமுழுக்குப் பெற்ற ஒருவரை அவருடைய பாட்டனாரின் சமயத்தைக் கொண்டு சந்தேகிக்கும் 'இரத்தத் தூய்மை' என்ற கருத்து இங்கே சட்ட வடிவம் பெற்றது. 1478இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் அளித்த அனுமதியால் ஸ்பானிய விசாரணை மன்றம் உருவானது. 1492இல் முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது, யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள், கொலம்பஸ் கடல் கடந்தார். சிந்தனையாளர்களில் பலர், வித்துவான்களாக இருந்தும், குடும்ப வரலாற்றைப் பற்றி மௌனம் காத்ததன் காரணம் இந்தப் பின்னணியில்தான் இருக்கிறது. தெரேசாவின் தந்தைவழிப் பாட்டனார் 1485இல் தொலேதோவில் விசாரணை மன்றத்தின் முன் தண்டனை ஏற்றவர். வலென்சியாவில் பிறந்த மனிதநேய அறிஞர் ஹுவான் லூயிஸ் வீவெஸின் தந்தை 1524இல் எரிக்கப்பட்டார். மகனோ இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரில் தங்கிவிட்டார். அல்கலா பல்கலைக்கழகம் அழைத்தும் அவர் தாய்நாடு திரும்பவில்லை. 1526இல் அவர் எழுதிய ஏழைகளுக்கான உதவி பற்றிய நூல், பிச்சையைத் தனிமனித தருமமாக விட்டுவிடாமல் நகராட்சியின் கடமையாக்க வேண்டும் என்று வாதிட்டது. ஸ்பெயினின் சிறந்த மனிதநேயர் ஸ்பெயினுக்கு வெளியே வாழ்ந்தார் என்பதை இந்தக் காலத்தைப் பற்றிய முதல் செய்தியாகவே நான் கொள்வேன்.

அதே வேளையில் கதவுகள் எல்லாம் மூடியே இருந்தன என்றும் எண்ண வேண்டாம். கர்தினால் சிஸ்னெரோஸ் நிறுவிய அல்கலா பல்கலைக்கழகம் 1508இல் வகுப்புகளைத் தொடங்கியது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றை இணையாக அச்சிட்ட ஆறு தொகுதி விவிலியம் 1514க்கும் 1517க்கும் இடையில் அங்கே அச்சேறியது. டச்சு அறிஞர் எராஸ்முஸின் பக்தி நூல் 1526இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்புதான், வெளிச் சடங்குகளைக் குறைத்து உள்ளொளியை நாடிய 'அலும்பிராதோஸ்' என்ற குழுவினருக்கு எதிராக 48 கூற்றுகளைக் கண்டித்து ஓர் ஆணை தொலேதோவில் வெளியாகியிருந்தது. திறப்பும் அடைப்பும் இவ்வாறு ஒருசேர நடந்தன. பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் அல்கலாவிலும் சலமங்காவிலும் சிறை வைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டதும் இந்த ஐயத்தின் சூழலில்தான். அவர் பாரிஸுக்குச் சென்றார்; அங்கே சேர்ந்த தோழர்களில் ஒருவரான நவார் நாட்டுப் பிரான்சிஸ் சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார்.

படி 2: வகுப்பறையின் வடிவத்தைப் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வித்தோரியா 1526இல் சலமங்காவின் முதன்மை இறையியல் இருக்கையைப் பெற்றபோது, பழைய பாடநூலான பீட்டர் லொம்பார்டின் தொகுப்பை ஒதுக்கிவிட்டு, 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் இறையியல் தொகையைப் பாடமாக்கினார். அந்தத் தொகையின் ஒவ்வொரு பகுதியும் ஒரு கேள்வியாகவே தொடங்குகிறது. முதலில் வருபவை ஆசிரியர் மறுக்கப்போகும் வாதங்கள். பிறகு அந்த வாதங்களுக்கு எதிரான ஒரு மேற்கோள். அதன் பின்னரே ஆசிரியரின் விடை. இறுதியில் முதலில் வந்த ஒவ்வொரு வாதத்துக்கும் மறுமொழி. பழக்கமில்லாதவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அதையே ஆசிரியரின் கருத்து என்று எடுத்துக்காட்டிவிடுவார். இணையத்தில் உலவும் பல மேற்கோள்களின் கதி இதுதான். எனவே எந்த நூலிலும் விடைப் பகுதியை முதலில் படித்துவிட்டு, பின் தொடக்கத்துக்குத் திரும்பி, எந்த எதிர்வாதத்துக்கு அவர் அதிக இடம் கொடுக்கிறார் என்று பாருங்கள். அவருடைய உண்மையான கவலை பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும்.

வித்தோரியா தம் விரிவுரைகள் எதையும் தம் வாழ்நாளில் அச்சிடவில்லை என்பதும் கவனத்துக்குரியது. நம் கையில் இருப்பவை மாணவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டு, அவர் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பின் 1557இல் பிரான்சின் லியோன் நகரில் அச்சானவை. ஒரு சொல்லின் நுட்பத்தின்மேல் பெரிய கட்டடம் எழுப்பும் ஆய்வுகளைச் சற்று எச்சரிக்கையோடு அணுகுவது இதனால்தான் தேவைப்படுகிறது.

படி 3: அமெரிக்க இந்தியர் பற்றிய விரிவுரையை முழுமையாகப் படியுங்கள்

ஒரே ஒரு நூலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், 1539 ஜனவரியில் வித்தோரியா நிகழ்த்திய இந்த உரையைத் தேர்ந்தெடுங்கள். இது அன்றாட வகுப்பன்று. பேராசிரியர் ஆண்டுக்கு ஒரு முறை பல்கலைக்கழகத்தின் முன் நிகழ்த்த வேண்டிய பொது விரிவுரை.

இதன் முன்கதை 1511இல் தொடங்குகிறது. அவ்வாண்டு டிசம்பரில் கரீபியக் கடலின் எஸ்பான்யோலா தீவில் தோமினிக்கன் துறவி அந்தோனியோ தே மொந்தெசினோஸ், பூர்வ குடிகளை வதைக்கும் குடியேறிகளைப் பார்த்து, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று பிரசங்க மேடையிலிருந்து கேட்டார். அரசு தந்த பதில் 1513இல் தயாரான ஓர் அறிவிப்பு: திருத்தந்தையின் கொடையால் இந்நிலம் ஸ்பானிய மன்னருக்கு உரியது, ஏற்காவிட்டால் போர் தொடுப்போம் என்பதை, கேட்பவருக்குப் புரியாத மொழியில் படித்துக் காட்டிவிட்டுத் தாக்க வேண்டும் என்பது நடைமுறை. பெருவில் நடந்தவற்றைக் கேள்வியுற்ற வித்தோரியா 1534இல் தம் சபைத் தோழருக்கு எழுதிய கடிதத்தில், அதை நினைத்தாலே இரத்தம் உறைகிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

விரிவுரையின் தொடக்கப் பக்கங்கள் அமெரிக்காவைப் பற்றியே பேசுவதில்லை. ஐயத்துக்கிடமான ஒரு செயலைச் செய்யுமுன் அறிந்தோரைக் கலந்துகொள்ள வேண்டுமா, கலந்துகொண்டபின் அவர்கள் சொன்னதை மீறலாமா என்று மனச்சாட்சியைப் பற்றியே அவர் நீளமாகப் பேசுகிறார். அவசரப்படும் வாசகர் இதைத் தவிர்த்துவிடுவார், தவிர்க்காதீர்கள். மன்னரின் செயலை இறையியலாளர் விசாரிக்கலாம் என்ற உரிமையை அவர் நிலைநாட்டுவது இங்கேதான்: இது சட்ட அறிஞர்களுக்கு மட்டும் உரிய வழக்கன்று, ஆன்மாவைப் பற்றிய வழக்கு என்பதே அவருடைய நிலை. பாவசங்கீர்த்தனத்தின் தருக்கம் அரசியலுக்குள் நுழையும் வாசல் இது.

அடுத்து, ஸ்பானியர் வருமுன் பூர்வ குடிகள் தங்கள் உடைமைகளுக்கு உண்மையான உரிமையாளர்களாக இருந்தார்களா என்ற கேள்வி. பாவமோ, அவிசுவாசமோ ஒருவரின் உடைமை உரிமையைப் பறிக்காது என்கிறார். அவர்களுக்கு நகரங்களும் திருமண முறையும் ஆட்சியாளர்களும் சட்டங்களும் வாணிகமும் இருப்பதால் அறிவற்றவர்கள் என்ற வாதமும் விழுகிறது. பிறகு, ஸ்பானியர் முன்வைத்த ஏழு நியாயங்களை ஒவ்வொன்றாக மறுக்கிறார். பேரரசர் உலகம் முழுமைக்கும் தலைவர் அல்லர். திருத்தந்தைக்கு உலகியல் ஆட்சியுரிமை கிடையாது. மக்கள் வாழும் நிலத்தைக் கண்டுபிடித்தேன் என்று உரிமை கோர முடியாது. நற்செய்தியை ஏற்க மறுப்பது போருக்குக் காரணமாகாது.

இத்துடன் நிறுத்திவிட்டு அவரைப் புகழ்பவர்கள் பலர். ஆனால் மூன்றாம் பகுதியில், ஏற்கத்தக்க நியாயங்கள் என்று அவர் வேறு சிலவற்றைப் பட்டியலிடுகிறார். பயணம் செய்யவும் வாணிகம் செய்யவும் மனிதர் அனைவருக்கும் உரிமை உண்டு, அதைத் தடுத்தால் தற்காப்புப் போர் செய்யலாம் என்கிறார். நற்செய்தி அறிவிக்கும் உரிமை, நரபலியிலிருந்து அப்பாவிகளைக் காத்தல் ஆகியவையும் அதில் உண்டு. முன்வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட படை, வணிகச் சுதந்திரம் என்ற பின்வாசல் வழியாகத் திரும்பி வரமுடியும் என்பதை வாசகர் தாமே கவனிக்க வேண்டும். என் மதிப்பீட்டில் வித்தோரியா பேரரசின் எதிரியும் அல்லர், ஏவலாளியும் அல்லர். ஆனால் அவருடைய மறுப்புகள் அவருடைய அனுமதிகளைவிட வலிமையானவை. மன்னர் ஐந்தாம் கார்லோஸுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்: அவ்வாண்டு நவம்பரிலேயே சலமங்காவின் சான் எஸ்தெபான் மடத் தலைவருக்கு, இப்பொருளைப் பற்றி இனிப் பேசக் கூடாது என்று கடிதம் வந்தது.

படி 4: வயாதோலித் விவாதத்தைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்

1550இலும் 1551இலும் வயாதோலித் நகரில் ஒரு குழுவின் முன், பார்த்தொலொமே தே லாஸ் காசாஸும் ஹுவான் ஹினேஸ் தே செபுல்வேதாவும் பூர்வ குடிகள்மீது போர் தொடுப்பது நியாயமா என்பது பற்றித் தத்தம் வாதங்களை முன்வைத்தார்கள். சில மனிதர்கள் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தைச் செபுல்வேதா பூர்வ குடிகளுக்குப் பொருத்தினார். லாஸ் காசாஸ் அதை மறுத்தார். இருவரும் நேருக்கு நேர் வாதிட்டதாகப் படங்களில் வரைவது வழக்கம். உண்மையில் அவர்கள் தனித்தனியாகவே குழுவின் முன் பேசினார்கள். குழு உறுப்பினர் தொமிங்கோ தே சோத்தோ தயாரித்த சுருக்கம்தான் தொடங்குவதற்கு ஏற்ற வாசிப்பு. குழு தெளிவான தீர்ப்பு எதையும் வெளியிடவில்லை.

படி 5: சந்தையின் பாவங்களுக்கு வாருங்கள்

பொருளியல் வரலாற்றில் சலமங்கா அறிஞர்களின் பெயர் இன்று அடிக்கடி அடிபடுகிறது. அவர்களைத் தடையற்ற சந்தையின் தீர்க்கதரிசிகளாகக் காட்டுவோரும் உண்டு. அதை ஏற்குமுன் ஒரு நூலின் அட்டையைப் பார்க்க வேண்டும். பணத்தின் மதிப்பு அதன் அருமையையும் பெருக்கத்தையும் பொறுத்து மாறுகிறது என்று மார்த்தின் தே அஸ்பில்குவேத்தா 1556இல் விளக்கிய பகுதி, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்காக அவர் எழுதிய கையேட்டின் பின்னிணைப்பாகவே வெளிவந்தது. அமெரிக்க வெள்ளி செவில்யாவில் வந்து இறங்கி விலைவாசியை உயர்த்திக்கொண்டிருந்த நாள்களில், நாணய மாற்று வியாபாரி ஒருவன் தன் இலாபம் வட்டியா, உழைப்பின் கூலியா என்று கேட்டால் குரு என்ன சொல்வது? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் விலைக் கோட்பாடு பிறந்தது. தோமாஸ் தே மெர்காதோ 1569இல் வெளியிட்ட வாணிக ஒப்பந்த நூலும் செவில்யா வணிகர்களின் மனச்சாட்சிக்காக எழுதப்பட்டதே.

இதே இடத்தில் 1577ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். இரு கருத்துகளில் ஒன்று மற்றதைவிட நம்பத்தக்கதாக இருந்தாலும், குறைந்த அளவு நம்பத்தக்க மற்றதையும் ஒருவர் பின்பற்றலாம் என்று பார்த்தொலொமே தே மெதினா அவ்வாண்டு எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பெரும் சண்டையைக் கிளப்பிய கொள்கை இது. மனச்சாட்சிக்கு இவ்வளவு இடம் கொடுத்த இந்த மெதினாதான், அடுத்த படியில் நாம் காணப்போகும் வழக்கில் குற்றம் சாட்டியவர்களில் ஒருவர்.

படி 6: 1559இல் நின்று, விசாரணைக் கோப்புகளைப் பாருங்கள்

அந்த ஓராண்டில் நடந்தவை: வயாதோலித்தில் லூத்தரன் கருத்துடையவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டோர் எரிக்கப்பட்டார்கள், தலைமை விசாரணை அதிகாரி பெர்னாந்தோ தே வால்தேஸ் தடை நூல் பட்டியலை வெளியிட்டு, தாய்மொழி விவிலியங்களையும் புகழ்பெற்ற பக்தி நூல்கள் பலவற்றையும் தடுத்தார், சில இடங்களைத் தவிர வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் படிப்பதை இரண்டாம் பிலிப் தடைசெய்தார், தொலேதோவின் பேராயர் கர்ரான்சாவே கைது செய்யப்பட்டார். ஸ்பானியத் திருச்சபையின் தலைமைப் பீடத்தில் இருந்த அவருடைய வழக்கு 17 ஆண்டுகள் நீண்டது.

அகுஸ்தீனார் சபைத் துறவி லூயிஸ் தே லெயோன் 1572 மார்ச்சில் கைதாகி, 1576 டிசம்பர்வரை வயாதோலித் சிறையில் இருந்தார். கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் அதிகாரபூர்வமாக ஏற்ற இலத்தீன் விவிலியத்தைவிட எபிரேய மூலத்துக்கு மதிப்பளித்தார் என்பதும், விவிலியத்தின் 'இனிமைமிகு பாடல்' நூலை ஸ்பானிய மொழியில் பெயர்த்தார் என்பதும் குற்றச்சாட்டுகள். அவருடன் கைதான எபிரேய அறிஞர் காஸ்பர் தே கிரஹால் சிறையிலேயே இறந்தார். விடுதலையாகி வகுப்புக்கு வந்த லூயிஸ், நேற்று நாம் சொன்னதுபோல் என்று பாடத்தைத் தொடர்ந்தார் என்ற கதை பிற்கால மரபு. அழகான கதை என்பதற்காக அதை வரலாறாக எழுதிவிடாதீர்கள். அவருடைய வழக்குக் கோப்பு அச்சில் கிடைக்கிறது. ஓர் அறிஞர் தம் ஒவ்வொரு சொல்லையும் குற்றம் சாட்டியவர் யாரென்று அறியாமலே காத்துக்கொள்ளும் அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள், அக்காலத்து நூல்களின் சுற்றி வளைத்த வாக்கியங்களைப் பிறகு வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

படி 7: தெரேசாவையும் சிலுவை யோவானையும் மெய்யியலாளர்களாகப் படியுங்கள்

தெரேசாவின் எளிய பேச்சுநடையைப் பார்த்து, படிக்காத பெண்ணின் வெகுளித்தனம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தற்காப்பும் ஆகும். அவர் எழுதியது ஆன்ம குருக்களின் கட்டளையால், அதைப் படித்தவர்கள் இறையியலாளர்கள், காத்திருந்தது விசாரணை மன்றம். அவருடைய தன்வரலாறு 1575இல் மன்றத்தின் கைக்குப் போனது. அது திரும்பி வராத நிலையில்தான் 1577இல் தொலேதோவில் ஏழு உறைவிடங்களைக் கொண்ட ஆன்மக் கோட்டையைப் பற்றிய நூலைத் தொடங்கினார். தமக்குத் தெரியாது, கற்றவர்கள் சொல்லட்டும் என்று அவர் எழுதும் இடங்களைக் குறித்துவையுங்கள். அவற்றை அடுத்து வருவது பெரும்பாலும் மிகத் துணிச்சலான கூற்றாக இருக்கும். நிறைவின் பாதையைப் பற்றிய அவருடைய நூலின் முதல் வடிவத்தில், இவ்வுலகின் நீதிபதிகள் எல்லாரும் ஆண்களே என்பதால் பெண்களின் எந்த நற்பண்பையும் சந்தேகிக்கிறார்கள் என்ற கருத்தில் ஒரு பத்தி இருந்தது. அது கையெழுத்துப் படியில் அடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் வடிவத்தில் இல்லை. இரு வடிவங்களையும் ஒப்பிட்டுப் படிப்பதே தெரேசாவுக்குள் நுழைய நான் பரிந்துரைக்கும் வழி.

சிலுவை யோவானைப் படிக்கும் முறை வேறு. 1577 டிசம்பரில், தெரேசா தொடங்கிய கார்மேல் சபைச் சீர்திருத்தத்தை எதிர்த்த அவருடைய சொந்தச் சபையினரே அவரைத் தொலேதோவில் சிறையிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தப்பினார். 'ஆன்மிகப் பாடல்' என்ற கவிதையின் பெரும்பகுதி அந்தச் சிறையில் உருவானது. அவர் முதலில் பாடினார்; விளக்கவுரை பின்னர் வந்தது. அவருடைய உரைகள் சலமங்காவில் கற்ற இறையியலின் சொற்களில் அறிவு, நினைவு, விருப்புறுதி என்று ஆன்மாவின் ஆற்றல்களைப் பகுத்து, ஒவ்வொன்றும் எப்படி வெறுமையாக்கப்பட வேண்டும் என்று சொல்கின்றன. 'இருண்ட இரவு' கவிதைக்கு எட்டுப் பத்திகள். உரையோ மூன்றாம் பத்தியின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே கவிதையை முதலில் தனியாக, உரையைத் தொடாமல் படியுங்கள். உரை சொல்லாமல் விட்ட ஐந்து பத்திகள் எதைப் பற்றியவை என்று கேட்டுக்கொண்டு உரைக்குச் சென்றால், அதன் எல்லை தானாகத் தெரியும்.

படி 8: இறையருளும் மனித சுதந்திரமும்

லூயிஸ் தே மொலினா என்ற இயேசு சபையினர் 1588இல் லிஸ்பனில் வெளியிட்ட நூல், இக்காலத்தின் மிகக் கடினமான விவாதத்தைத் தொடங்கியது. இன்ன சூழலில் வைக்கப்பட்டால் இன்னார் தம் விருப்பப்படி இன்னதைச் செய்வார் என்பதைக் கடவுள் முன்கூட்டியே அறிகிறார். அந்த 'இடை அறிவின்' துணையோடு எந்த உலகைப் படைப்பது என்று தீர்மானிக்கிறார். ஆகவே முன்னறிவும் சுதந்திரமும் முரண்படா என்பது மொலினாவின் வழி. பான்யெஸ் இதை ஏற்கவில்லை. கடவுளே முதல் காரணம் என்றால், மனித விருப்பம் செயல்படுவதற்குமுன் அவரே அதை இயக்க வேண்டும். இல்லையெனில் கடவுள் படைப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர் ஆகிவிடுவார் என்றார். தோமினிக்கன் சபையும் இயேசு சபையும் ரோமில் பல ஆண்டுகள் மோதின. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தத் தரப்பையும் கண்டிக்காமல், ஒருவரை ஒருவர் பழிக்க வேண்டாம் என்று சொல்லி முடித்துவைத்தார். மொலினாவின் கருத்து இன்றும் சமய மெய்யியலில் உயிரோடு இருக்கிறது. பான்யெஸின் எதிர்ப்பே எனக்கு ஆழமானதாகத் தோன்றுகிறது, அவர் காட்டும் கடவுள் அன்புக்குரியவராகத் தோன்றாவிட்டாலும்.

படி 9: சுவாரெஸை நேராகத் தொடக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

கிரனாடாவில் பிறந்த சுவாரெஸ் 1597இல் சலமங்காவில் வெளியிட்ட 'மெய்ப்பொருளியல் வாதங்கள்' 54 வாதங்களைக் கொண்டது. அரிஸ்டாட்டிலின் நூலை வரிக்கு வரி உரையெழுதும் மரபை விட்டு, பொருளின் வரிசையிலேயே மெய்ப்பொருளியலை அமைத்த பெருநூல் அது. புரோட்டஸ்டண்ட் ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களிலும் அது பாடமானது. முதலில் 31ஆம் வாதத்தை எடுங்கள்: படைக்கப்பட்ட பொருளில் 'என்னவாக இருத்தல்' என்பதும் 'இருத்தல்' என்பதும் உண்மையிலேயே வேறானவையா என்ற கேள்வி. வேறுபாடு நம் அறிவு பிரித்துப் பார்ப்பதால் வருவது, ஆனால் அதற்குப் பொருளில் அடிப்படை உண்டு என்கிறார். அடுத்து 54ஆம் வாதம்: இல்லாத பொருள்களை நாம் எப்படி எண்ணுகிறோம் என்பது. இவ்விரண்டையும் முடித்தபின் காரணங்களைப் பற்றிய 12 முதல் 27 வரையான நீண்ட பகுதிக்குப் போகலாம்.

அரசியலில் அவருடைய இடம் 1612இல் வந்த சட்டம் பற்றிய நூலிலும், 1613இல் இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸுக்கு எதிராக எழுதியதிலும் உள்ளது. ஆட்சியதிகாரம் கடவுளிடமிருந்து நேராக மன்னருக்கு வருவதில்லை, சமூகத்தின் வழியாகவே வருகிறது என்றார். நூல் லண்டனில் எரிக்கப்பட்டது. ஹுவான் தே மரியானா இன்னும் தூரம் சென்று, கொடுங்கோலனைக் கொல்வது நியாயமாகலாம் என்று 1599இல் எழுதினார். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி கொலையுண்ட 1610இல் அந்த நூல் பாரிஸில் எரிக்கப்பட்டது. ஸ்பெயினிலோ அது மன்னர் மூன்றாம் பிலிப்புக்கே காணிக்கையாக்கப்பட்டு உரிமத்தோடு வந்த நூல். மரியானாவைச் சிறைக்கு அனுப்பியது, நாணயத்தின் தரத்தைக் குறைப்பது மக்களைக் கொள்ளையடிப்பதாகும் என்று 1609இல் அவர் எழுதியதுதான்.

படி 10: 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை விரைவாகக் கடந்து செல்லுங்கள்

இயேசு சபையைச் சேர்ந்த பல்தசார் கிராசியானின் 1647ஆம் ஆண்டுப் பொன்மொழித் தொகுப்பு இன்று சுயமுன்னேற்ற நூல்களின் வரிசையில் விற்கப்படுகிறது. அதை விட்டுவிட்டு, 1651 முதல் 1657 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த அவருடைய உருவகப் புதினமான 'எல் கிரித்திகோன்' என்பதைப் படியுங்கள். தம் சபையின் அனுமதியின்றி வெளியிட்டதற்காக அவர் தண்டிக்கப்பட்டார். இறுதியாக மிகேல் தே மொலினோஸ். 1675இல் ரோமில் வெளியான அவருடைய ஆன்மிக வழிகாட்டி, ஆன்மா தன் முயற்சிகளை எல்லாம் நிறுத்திக் கடவுளின்முன் அசையாதிருக்க வேண்டும் என்றது. 1687இல் அவருடைய 68 கூற்றுகள் கண்டிக்கப்பட்டன. அவர் சிறையில் 1696இல் இறந்தார். அந்தக் கண்டனப் பட்டியலை, 1525ஆம் ஆண்டுத் தொலேதோ ஆணையின் 48 கூற்றுகளோடும் சிலுவை யோவானின் உரையோடும் பக்கத்தில் பக்கமாக வைத்து, எந்த வரி ஏன் தப்பியது, எது ஏன் தப்பவில்லை என்று குறித்துக்கொண்டே படித்து வாருங்கள்.